பாய்லர் பொறுக்கியெடுத்த பதினொருவர்

பினாங்குத் தண்ணீர்மலை உச்சியில் நின்று தீவையும் கடலையும் ஒருசேரக் காக்கும் வேலவா! சொல்லில் பிழை நேராமலும் சினத்தில் அளவு மீறாமலும் இதை எழுதி முடிக்க உன் திருவடியைத் துணைக்கு அழைக்கிறேன். முதல் வேண்டுதலை நீ எளிதில் நிறைவேற்றிவிடுவாய். இரண்டாவதுதான் உனக்கும் கடினம். நான் எழுதப்போவது பாய்லரைப் பற்றி.

இன்று வைகாசி விசாகம். நீறு பூசிய நெற்றியோடும் விரதமிருக்கும் வயிற்றோடும் மேசை முன் அமர்ந்திருக்கிறேன். இப்படிப்பட்ட நன்னாளில் ஒரு மனிதரைக் குறை கூறலாமா என்று என் மனைவி கேட்டார். குறை கூறவில்லை, நடந்ததை மட்டுமே கூறப்போகிறேன் என்றேன்.

"அவரப் பத்தி நடந்தத சொன்னாலே குறை சொன்ன மாதிரிதாங்க இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் அடுக்களைக்குள் போய்விட்டார்.

முற்பிறவிகளில் சேர்த்த வினை பல பிறவிகளில் சிறிது சிறிதாகக் கழியும் என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்தத் தாமதம் நேரவில்லை. என் வினை முழுவதும் இந்த ஒரே பிறவியில், ஒரே மனிதர் வழியாக, ஒரே ஹாக்கித் திடலில் கழிந்துவிட்டது. அடியார்களைச் சோதிக்க இறைவன் பல வேடங்களில் வந்ததுண்டு. கிழவராக வந்தான், வேடனாக வந்தான், விருந்தினனாக வந்து வீட்டில் இல்லாததையெல்லாம் கேட்டான். என்னிடம் கழுத்தில் விசிலும் காலில் ரப்பர் சிலிப்பருமாக, பாய்லராக வந்தான்.

தீவுக்கு எதிர்க்கரையில், பெருநிலத்துத் தொழிற்சாலை ஒன்றில் கொதிகலனைக் கவனிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர்; பெயரும் அங்கிருந்தே ஒட்டிக்கொண்டது. அந்த இரைச்சலில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்ததால், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதற்கும் அக்கரையில் இருப்பவரைக் கூப்பிடுவதற்கும் அவர் ஒரே குரலைத்தான் பயன்படுத்துவார். கொதிகலனிடமிருந்து அவர் கற்ற மற்றொரு பாடம், வெந்நீரே உலகின் உயிர் என்பது. பினாங்கு வெயிலில், பிற்பகலில், ஓடிக் களைத்து நாக்கு வெளியே தொங்க வரும் பிள்ளைகளுக்கு அவர் பிளாஸ்கிலிருந்து ஆவி பறக்கும் வெந்நீரை ஊற்றிக் கொடுப்பார்.

"கோச், ஐஸ் தண்ணி இல்லையா?" என்று யாரேனும் கேட்டால் போதும்.

"ஐஸா? ஐஸ் குடிச்சா முட்டி ஒறஞ்சிடும்டா! மீனைத்தான் ஐஸ்ல போடுவாங்க, ஓடுறவன போடமாட்டாங்க!"

இந்த மனிதரோடு எனக்கு எப்படி உறவு நேர்ந்தது என்றால், அதுவும் அவருடைய குரலால்தான். எங்கள் அடியார் குழு பதிகம் ஓதும் அறைக்கு அடுத்த அறையில் ஹாக்கிச் சங்கத்தின் கூட்டங்கள் நடக்கும். ஒருநாள் மாலை நாங்கள் உருகி ஓதிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அப்பாலிருந்து "பெனால்டி கார்னர்! பெனால்டி கார்னர்!" என்ற முழக்கம் எங்கள் பண்ணோடு கலந்தது. நான் எழுந்து போய், சற்று மெதுவாகப் பேசும்படி பணிவோடு கேட்டுக்கொண்டேன். அறை முழுவதும் அடங்கிவிட்டது. உடனே, எங்கள் ஊர்ப் பேச்சுவழக்கின் 'லா'வோடு, பாய்லர் எழுந்தார்.

"பாத்தீங்களா? இத்தன வருசமா இந்த ரூம்ல யாரு சொல்லியும் நாம வாய மூடுனது இல்ல. இந்த அண்ணே ஒரு வார்த்த சொன்னாரு, எல்லாரும் கப்சிப். இவரதான் லா தலைவரா போடணும்!"

ஹாக்கி மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அறியாத நான், ஹாக்கிச் சங்கத்தின் தலைவனாக வீடு திரும்பினேன்.

அப்போது சங்கம் இருந்த நிலையையும் சொல்லவேண்டும். எங்கள் ஆட்டக்காரர்கள் நல்லவர்கள், ஒழுக்கமானவர்கள், ஆனால் முதியவர்கள். நடுக்களத்தில் நின்றவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் பந்து தெரியாது, மாட்டினால் தலை சுற்றும். முன்கள வீரர் ஒருவர் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடியவர், பாதி வழியில் நின்று, போகட்டும் என்பதுபோல் கையை அசைத்துவிட்டுத் திரும்பியதை நானே பார்த்தேன். தீவிலும் பெருநிலத்திலும் உள்ள சங்கங்கள் ஆடும் அந்த லீக்கில் நாங்கள் கடைசி இடத்தைப் பிடித்தோம்.

அந்த லீக்கில் இரண்டு விதிகள் உண்டு. கடைசியாக வந்த சங்கத்துக்கு அடுத்த பருவத்தில் ஒரு சலுகை: பள்ளி முடித்த இளைஞர்களைச் சங்கங்கள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் தேர்வு நாளில், முதல் ஆளை எடுக்கும் உரிமை அதற்கே. மற்ற இடங்களை ஊருக்குள் தேடி நிரப்பிக்கொள்ளலாம். இரண்டாம் விதி தண்டனை: அடுத்தடுத்து இரண்டு பருவங்கள் கடைசியாக வந்தால் லீக்கை விட்டு வெளியேற வேண்டும். ஊர் ஊராகச் சென்று மேடும் பள்ளமுமான திடல்களில் ஆடும் கீழ்ப்பிரிவுதான் அதன்பின் கதி. எங்கள் சங்கம் தொடங்கிய நாள்முதல் அந்தக் கதியைக் கண்டதில்லை. என் தலைமையில் அது நேர்ந்துவிடக் கூடாதே என்று நான் நாள்தோறும் விளக்கின் முன் நின்று வேண்டிக்கொண்டேன்.

பயிற்றுநராகப் பொறுப்பேற்றுக்கொள்கிறேன் என்று பாய்லர் முன்வந்தபோது, வேறு யாரும் முன்வராத காரணத்தால் நான் ஒப்புக்கொண்டேன். அடுத்த வாரமே தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணே, டீமப் புதுசா கட்டறேன். பழைய ஆளுங்கள அனுப்பியாச்சு."

"யாரையெல்லாம் அனுப்பினே?"

"எல்லாரையும் லா."

"எல்லாரையுமா? அப்ப யாருப்பா ஆடுவா?"

"அதான் அண்ணே இனிமே தேடணும்."

வீட்டைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் கூரையை மாற்றுவார்கள், சுவருக்கு வண்ணம் பூசுவார்கள். பாய்லர் வீட்டை இடித்துத் தள்ளிவிட்டு, வெற்று மனையில் நின்றுகொண்டு செங்கல் எங்கே கிடைக்கும் என்று என்னைக் கேட்டார்.

அவர் ஆள் தேடிய முறையை நினைத்தால் இன்றும் என் கை திருநீற்றுச் சம்புடத்தைத் தேடுகிறது. மற்ற பயிற்றுநர்கள் பள்ளித் திடல்களுக்குப் போவார்கள். பாய்லருக்குத் திடல்மீது நம்பிக்கை இல்லை. "பாடாங்ல எல்லாரும் நடிப்பானுங்க அண்ணே. தன்ன யாரும் பாக்கலன்னு நெனைக்கிற எடத்துலதான் நெசமான கையும் காலும் தெரியும்" என்பது அவருடைய சித்தாந்தம்.

முதலில் தைப்பூசத்துக்குப் போனார். ரதம் வரும் வழியெங்கும் மலைபோல் தேங்காய் குவித்து, நேர்த்திக்கடனாகச் சாலையில் அடித்து உடைக்கும் எங்கள் ஊர் வழக்கம் உலகறிந்தது. அந்தச் சிதறலுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, தலையில் மோட்டர் ஹெல்மெட்டோடு அமர்ந்திருந்தார் பாய்லர். ரதத்தைப் பின்தொடர்ந்து பதிகம் ஓதியபடி நடந்து வந்த நான் அவரைக் கண்டதும் ஓதுவதை விட்டுவிட்டேன்.

"இங்க என்ன பண்றே?"

"அந்தப் பையனப் பாருங்க அண்ணே! மணிக்கட்டப் பாருங்க! ஒரே அடி, நாலா பக்கமும் தண்ணி!"

அந்தப் பையன் தன் தாயின் நோய் தீர்ந்ததற்காகக் கண்ணீர் மல்கத் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தான். பாய்லர் அவனுடைய தோளைத் தட்டி, "தம்பி, ஹாக்கி ஆடறியா?" என்றார். அவனும் முருகனே ஆளனுப்பியதாக எண்ணி ஒப்புக்கொண்டுவிட்டான். அன்றுமுதல் அவனுக்குத் தேங்காய் என்றே பெயர். நல்ல பிள்ளை. ஆனால் மட்டையைத் தலைக்கு மேல் தூக்காமல் அவனால் பந்தை அடிக்க முடியாது. ஒவ்வோர் அடிக்கும் முன்னால் "வேல் வேல்!" என்று முழங்குவான். எதிரணிக் கோல் காவலர் அந்த முழக்கம் கேட்டதும் வசதியான இடத்தில் போய் நின்றுகொள்வார்.

அடுத்தவனைப் படகுத்துறையில் கண்டெடுத்தார். பட்டர்வொர்த் பெர்ரியின் கதவு மூடும் நொடியில், காற்றைப்போல் ஓடி வந்து உள்ளே நுழைந்தானாம் ஒருவன். "அப்படி ஒரு ஓட்டம் நான் பாத்ததே இல்ல அண்ணே!" என்று பாய்லர் பூரித்துப்போனார். பெர்ரி என்று பெயரிடப்பட்ட அந்த இளைஞன் உண்மையிலேயே பேய்போல் ஓடுவான், தாமதமாகிவிட்டால் மட்டும். ஆகவே தாமதமாகும்வரை வீட்டிலேயே இருப்பான். எந்தப் பயிற்சிக்கும் அவன் தொடக்கத்தில் இருந்ததில்லை. வந்து சேரும் ஓட்டத்தைக் காண்பதற்காகவே மற்ற பிள்ளைகள் சாலையோரம் கூடி நிற்பார்கள்.

மூன்றாமவன், பிற்பாடு டுரியான் என்றே அழைக்கப்பட்ட பாலிக் புலாவ் தோட்டத்துப் பிள்ளை. டுரியான் பருவத்தில் பாய்லர் பழம் தின்னத்தான் போனார் என்பது என் துணிபு. போன இடத்திலிருந்து மூச்சிரைக்க அழைத்தார்.

"அண்ணே, ஒரு டிபெண்டர் கெடச்சிட்டான்! மேல எல அசையுது, முள்ளுப் பழம் வருதுன்னு தெரிஞ்ச ஒடனே சட்டுனு ஒதுங்கிட்டான். என்னா காலு லா!"

"ஹாக்கில பந்து வந்தா ஒதுங்கக் கூடாதுப்பா."

"அது சின்ன விசயம். சொல்லிக் குடுத்துக்கலாம்."

எனக்கு ஹாக்கி தெரியாது என்பதை இந்த உரையாடலின் முடிவில் அவர் எனக்கு நினைவூட்டவும் தவறவில்லை.

இவ்வாறு ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டிருக்க, தேர்வு நாள் வந்தது. பெருநிலத்தில், செபராங் ஜெயாவில் ஒரு மண்டபத்தில் கூடினோம். காலையில் பக்கத்துத் திடலில் இளைஞர்களை ஆடவிட்டுப் பார்த்தார்கள். ஹரிஷ் என்ற பிள்ளையின் ஆட்டத்தைக் கண்டு ஹாக்கி அறியாத நானே எழுந்து நின்றுவிட்டேன். பந்து அவனுடைய மட்டையில் கட்டிப்போட்டதுபோல் போயிற்று. முதல் உரிமை எங்களுடையது. எங்கள் செயலாளர், வங்கியில் பணிபுரியும் நிதானமான மனிதர், என் கையைப் பற்றிக்கொண்டு, "ஐயா, முருகன் கண்ணத் தொறந்துட்டாரு" என்றார். மதிய உணவின்போது பாய்லரைக் காணவில்லை. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பிற்பகல் மேடையில் எங்கள் சங்கத்தின் பெயரை அழைத்தார்கள். பாய்லர் ஒலிவாங்கியை வாங்கினார். அவருக்கு அது தேவையே இல்லை.

"மீன்தலை!"

 அதிகாரி, "பேரு சொல்லுங்க சார்" என்றார்.

"பேரு தெரியாது லா. அந்தா, செவப்பு சட்ட போட்டு வாயத் தொடச்சிக்கிட்டு நிக்கிறான் பாருங்க, அவன்தான்."

காலையில் இரண்டு முறை தன் மட்டையே தடுக்கி விழுந்த பிள்ளை அவன். நவீன் என்பது அவன் பெயர். தன்னைத்தான் சுட்டுகிறார்கள் என்பதை நம்பாமல் அவன் திரும்பித் தன் பின்னால் பார்த்தான். பின்னால் சுவர்தான் இருந்தது. அடுத்த முறையில் செபராங் ஜெயாச் சங்கத்தார் ஹரிஷை எடுத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

நான் பாய்லரை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"என்னப்பா செஞ்சே?"

"அண்ணே, மத்தியானம் நாசி கண்டார் சோத்துக் கடைல ஒக்காந்து எல்லாரையும் பாத்தேன். வரிச ரோட்டு வரைக்கும் நிக்குது. அந்த ஹரிசு பெரிய ஆளாட்டம் கடைசில போயி நின்னான். இந்தப் பையன் வந்தான். யாரையும் இடிக்கல, தள்ளல, 'சாரி அங்கிள்'னு கூட சொல்லல. எடம் எங்க இருக்கோ அங்க நொழஞ்சான். பாத்தா மொத ஆளா நிக்கிறான்! கடைசி மீன்தலய வாங்கிட்டான்! வரிசைல நின்ன ஒருத்தனுக்கும் கோவம் வரல அண்ணே. யோசிச்சுப் பாருங்க லா, பினாங்குல, நாசி கண்டார் வரிசைல!"

"வரிசையில முந்துறவன அடக்கணும்பா, அழைச்சிட்டு வந்து சோறு போடக் கூடாது!"

"கோல் வட்டத்துல, டி-க்குள்ள, வரிச ஏது அண்ணே?" என்றார் அவர்.

செயலாளர் அன்று இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை என்று பிற்பாடு அவருடைய மனைவி என் மனைவியிடம் சொன்னார்.

அடுத்து வந்தது பயிற்சி. இடைவெளியைக் கண்டு நுழையும் கலையை எல்லாருக்கும் புகட்ட வேண்டும் என்று பாய்லர் முடிவு செய்தார். ஞாயிற்றுக்கிழமைக் காலை, மீனும் காயும் விற்கும் பசாரில் கூட்டம் நிரம்பி வழியும் நேரத்தில், பிள்ளைகள் பந்தைத் தட்டிக்கொண்டே ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளிவர வேண்டும். ஒருவர்மீதும் படக்கூடாது. இப்படியொரு பயிற்சி நடப்பது எனக்குத் தெரியாது. மீன் விற்கும் அம்மாள் ஒருவர் என் வீட்டு வாசலில் வந்து நின்ற பிறகே தெரிந்தது.

"தலைவரு நீங்கதானே? உங்க பையன் ஒருத்தன் வேல் வேல்னு கத்திக்கிட்டு வந்து என் நண்டுக் கூடய அடிச்சிட்டான்யா! நண்டெல்லாம் எறங்கி நடக்குது! வாங்க, வந்து புடிங்க!"

பிறந்தது முதல் புலால் தொடாதவன் நான். அன்று காலை, இடையில் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, உருத்திராக்க மாலை தரையைத் தொட, பசாரின் ஈரத் தரையில் குனிந்து நண்டு பிடித்தேன். எதிர்ப்பக்கம் குனிந்திருந்த பாய்லர், "பின்னாலருந்து புடிங்க அண்ணே, கடிச்சிடும்!" என்று எனக்கும் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த அமளிக்கு நடுவே நவீன் மட்டும் கூட்டத்தின் ஊடே நீரோட்டம்போல் வழுக்கிச் சென்று மறு வாசலில் வெளிப்பட்டான். பந்து மட்டையிலேயே இருந்தது. இன்னொரு கையில் எந்த அம்மாளோ கொடுத்த ஆப்பமும் இருந்தது.

ஆட்டங்கள் தொடங்கின. நவீன் விழுவது குறைந்தது. சில வாரங்களில் நின்றேவிட்டது. எதிரணிக்காரர்கள் அவனைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பந்து வலைக்குள் கிடக்கும். மற்றவர்கள் எதிரணிக்கு விட்டுக்கொடுத்த கோல்களை இவன் ஒருவன் அடித்த கோல்கள் ஈடுகட்டின. மறுபடியும் கடைசி இடம்தான் என்று ஊர் முழுவதும் பேசியிருக்க, கடைசி ஆட்டத்தில் செபராங் ஜெயாவோடு சமநிலையில் முடித்தால் போதும், லீக்கில் நிலைத்துவிடலாம் என்ற இடம்வரை வந்துவிட்டோம். நான் மலைக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன்.

அந்த வாரம் தலைநகரிலிருந்து அழைப்பு வந்தது. தேசிய இளையோர் பயிற்சி முகாமுக்கு நவீனைத் தேர்ந்திருக்கிறார்கள். சனிக்கிழமை மாலைக்குள் வந்து சேரவேண்டும். வராதவர் இடத்துக்கு வேறொருவர் காத்திருக்கிறார். எங்கள் ஆட்டமும் அதே சனிக்கிழமைதான். பருவம் முடியும்வரை சங்கத்தின் ஒப்புதல் இல்லாமல் எவரும் போகமுடியாது என்பது விதி. செயற்குழு கூடியது. சங்கமே வீழ்ந்துவிடும் நிலையில் ஓர் ஆட்டக்காரரை விடமுடியாது, அவன் அடுத்த ஆண்டு போகலாம் என்று முடிவு செய்தோம். அந்த முடிவு சரியானது என்றே இன்றும் சொல்வேன். தலைவன் என்பவன் சங்கத்தைக் காக்கத்தான் இருக்கிறான். கூட்டத்தில் பாய்லர் ஒரு சொல்லும் பேசவில்லை. சுவருக்கு அப்பால் பதிகம் ஓதியவர்களே ஆச்சரியப்பட்டார்களாம்.

சனிக்கிழமை பிற்பகல் திடலுக்குப் போனேன். எங்கள் பிள்ளைகள் நின்றார்கள். தேங்காய் இருந்தான். டுரியான் இருந்தான். பெர்ரி இல்லை, அது வழக்கம். நவீனைக் காணவில்லை. பாய்லர் தம் மோட்டர் சைக்கிளிலிருந்து பிளாஸ்கை இறக்கிக்கொண்டிருந்தார்.

"மீன்தலை எங்கப்பா?"

"காலைல பட்டர்வொர்த்ல ரயில் ஏத்திட்டேன் அண்ணே. இந்நேரம் ஈப்போ தாண்டியிருப்பான்."



"யாரக் கேட்டு அனுப்பினே?"

"அவன் அம்மாவக் கேட்டேன்."

"சங்கத்துக்குத் தலைவன் நானா, அவன் அம்மாவா? ஒப்புதல் யாரு குடுத்தா?"

"நீங்கதான் குடுத்தீங்கன்னு கேம்ப்ல சொல்லியிருக்கேன். யாராச்சும் போன் பண்ணா ஆமான்னு சொல்லிடுங்க லா."

"சங்கம் போயிடும்ப்பா!" என்று நான் கத்தினேன். வாழ்நாளில் பொது இடத்தில் நான் கத்தியது அன்றுதான். பாய்லர் எனக்குப் பதில் சொன்ன குரலோ, நான் அவரிடம் அதுவரை கேட்டிராத அளவுக்குத் தணிந்திருந்தது.

"தெரியும் அண்ணே. ரெண்டு நாளா சோறு எறங்கல. டீமு கீழ போனா மறுபடி ஏத்திக்கலாம். நீங்க இருக்கீங்க, நான் இருக்கேன். அந்தப் பையனுக்கு இன்னொரு தடவ கூப்புடுவாங்களா இல்லையான்னு எனக்குத் தெரியல. அது தெரியாம எப்படி லா புடிச்சி வைக்கறது?"

பிறகு விசிலை ஊதிவிட்டுப் பிள்ளைகளை நோக்கிப் போய்விட்டார்.

அந்த ஆட்டத்தை நான் முழுவதும் பார்த்தேன் என்று சொல்லமுடியாது. பெரும்பகுதியைக் கண்ணை மூடிக்கொண்டு மனத்துக்குள் ஓதியே கழித்தேன். ஆனாலும் அந்தப் பிள்ளைகள் ஆடினார்கள். நவீன் எங்கே போயிருக்கிறான் என்பது அவர்களுக்குத் தெரியும். அவனுக்காகவே ஆடியதுபோல் விழுந்தும் எழுந்தும் தடுத்தார்கள். பெர்ரி பாதி ஆட்டத்தில் வந்து சேர்ந்து, வந்த வேகத்திலேயே ஹரிஷின் காலடியிலிருந்து பந்தைப் பறித்தான். இரு பக்கமும் கோல் இல்லாமல் நேரம் கரைந்தது. நான் கண்ணைத் திறந்து, பால்குடத்துக்கு எந்த நாள் உகந்தது என்று எண்ணத் தொடங்கினேன்.

முடிவதற்குச் சற்று முன்னால், ஹரிஷ் பந்தை மேலே தூக்கி அடித்தான். அது வானில் வளைந்து எங்கள் கோல் வட்டத்தை நோக்கி இறங்கியது. அதன் கீழே டுரியான் நின்றான். சரியான இடம். மட்டையை நீட்டினால் போதும். பாய்லர் கூவினார். அவன் தலைநிமிர்ந்து பந்தைப் பார்த்தான். நொடிப்பொழுதில், பிறந்தது முதல் தன்னைக் காத்த கால்களை நம்பி, அழகாக ஒதுங்கிவிட்டான். பந்து விழுந்தது. ஓடி வந்த ஹரிஷ் அதை வலைக்குள் தட்டினான்.

நாங்கள் தோற்றோம். லீக்கிலிருந்து வெளியேறினோம்.

டுரியான் தரையில் அமர்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். பாய்லர் அவன் பக்கத்தில் குந்திக்கொண்டு ஏதோ சொன்னார். அழுகைக்கு நடுவே அவன் சிரித்துவிட்டான். பிறகு பாய்லர் எழுந்து, எங்கள் பிள்ளைகளுக்கும் எதிரணிப் பிள்ளைகளுக்கும், ஹரிஷுக்கும்கூட, வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார். யாரையும் திட்டவில்லை. எனக்கும் ஒரு கோப்பை நீட்டினார். கோபத்தில் நான் அதை வாங்கவில்லை. அவர் அதைத் தாமே குடித்துவிட்டு, கிளம்பும்வரை எங்கள் கோல் கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுவாரம் செயற்குழு கூடியது. பாய்லரை நீக்கவேண்டும் என்பதே ஒரே பொருள். செயலாளர் கையுயர்த்திப் பேசினார். நானும் ஒரு கண்டன உரையைத் தயாரித்துப் போயிருந்தேன். எதுகையும் மோனையுமாக மிக நன்றாக அமைந்துவிட்ட உரை. எழுந்து தொண்டையைச் செருமினேன். பாய்லர் பள்ளிப்பிள்ளையைப்போல் கை தூக்கினார்.

"அண்ணே, திட்டுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு டவுட்டு. கீழ் டிவிசன்லயும் புதுசா வர்ற டீமுக்கு மொத தேர்வு உண்டா லா?"

செயலாளர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏன் கேக்கறீங்க? ஆள் பாத்துட்டீங்களா?"

"பட்டர்வொர்த் பஸ் ஸ்டேசன்ல ஒருத்தன். ரெண்டு கைலயும் கடைல கட்டிக் குடுத்த தாப்பாவ் பொட்டலம், சூப்பு. பஸ் பிரேக் போடுது, எல்லாரும் மேல மேல விழறாங்க. ஒரு சொட்டு சிந்தல அவன்!"

 செயலாளர், தம்மையும் அறியாமல், "எந்த பஸ்?" என்று கேட்டார். அத்தோடு தீர்மானம் போயிற்று. என் எதுகையும் மோனையும் என் சட்டைப் பையிலேயே கிடந்தன.

வரும் ஞாயிறு கீழ்ப்பிரிவில் எங்களுக்கு முதல் ஆட்டம். போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். அண்மையில் தமிழகத்திலிருந்து வந்திருக்கும் இளம் குருக்கள், பெயரும் நட்சத்திரமும் கேட்டார். மனைவி, மக்கள், பேரப்பிள்ளைகள் என்று வரிசையாகச் சொன்னேன். முடிந்துவிட்டதா என்பதுபோல் பார்த்தார். என் வாயிலிருந்து, நான் எண்ணாமலே, இன்னொரு பெயர் வந்தது.

"பாய்லர்."

"என்ன பேரு சொன்னேள்?"

அந்த நொடியில்தான் உணர்ந்தேன், அவருடைய இயற்பெயர் என் நெஞ்சில் இல்லை. எப்போதோ ஒருமுறை கேட்டிருப்பேன். நிற்கவில்லை.

"பாய்லர்தான். நட்சத்திரம் தெரியாது."

குருக்கள் தயங்கினார். "சுவாமி பேருக்கே பண்ணிடட்டுமா?"

"வேணாம், அப்படியே சொல்லுங்க" என்றேன். "சாமிக்கு ஆளத் தெரியும்."

வடமொழி மந்திரங்களுக்கு நடுவே அந்தப் பெயர் கணீரென்று ஒலித்தது. நான் கண்ணை மூடி, அந்த மனிதருடைய தொண்டை அடைக்காமல் இருக்கவேண்டும், நெடுங்காலம் இன்னும் பலமுறை அவர் எனக்குச் சினமூட்டவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

இதை வாசித்த உங்கள் ஒவ்வொருவர் இல்லத்திலும் நோயின்மையும் நிறைவும் பெருகுக. உங்கள் பிள்ளைகள் எந்த வரிசையில், எந்தக் கூட்டத்தில் நின்றாலும், அவர்களை அன்போடு உற்றுநோக்கும் ஒருவரை வேலவன் அங்கே அமர்த்தி வைப்பானாக.